உறவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

அம்புக்குறியைத் தொட்டால் பட்டியல் கீழே இறங்குகிறது. கணவன் அல்லது மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரன், சகோதரி. அவ்வளவுதான். இன்னொரு தடவை தொடுகிறேன், முதல் தடவை கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இந்தத் தடவை வால்போல ஒட்டிக்கொண்டு வருமோ என்று. வரவில்லை. ஏழுதான். ஒரு ஆளுக்குத் தீராத நோய் வந்தால் யார் யார் செலவு செய்யலாம், யார் செய்தால் வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து எண்ணியவர்கள் ஏழோடு நிறுத்திவிட்டார்கள். மணி இரண்டு நாற்பது. கம்பெனியின் இந்தப் பக்கத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்குள் வருஷம் முழுக்கச் செய்த செலவுக்கெல்லாம் ரசீது ஏற்றி முடிக்க வேண்டும். கட்டிலில் அத்தை தூங்குகிறாள், என் கணவரைப் பெற்றவள், வாய் லேசாகத் திறந்து, கன்னம் உள்ளே போய், மேல் பல்வரிசையில் இல்லாத அந்த ஒரு பல்லின் இடம் மட்டும் கறுப்பாய். ஒன்றரைக்குக் கொடுத்த மாத்திரை. அத்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருக்கிற ஜெசிந்தா கொடுத்துவிட்டுத்தான் போனாள், குறிப்பு நோட்டில் நேரம் எழுதி, கீழே சின்னதாய்க் கோடு போட்டு. பதினைந்து நாளைக்கு ஒரு அரைநாள் அவளுக்கு விடுப்பு, மகனைப் பார்க்க விடுதிக்குப் போவாள், ஐந்துக்கு வந்துவிடுவாள். ஐந்துக்கு அவள் வருவாள், ஐந்துக்கு இது மூடும். நடுவில் இந்த அறையில் அத்தையும் நானும் மட்டும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்கிறது. டெட்டால், சாம்பிராணி, இரண்டுக்கும் அடியில் அந்த வாடை, எத்தனை ஊதுவத்தி வைத்தாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற வாடை. இப்போதெல்லாம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுகூட அது முதலில் வருகிறது, அப்புறம்தான் சாம்பார் வருகிறது.

காலையில் அசாருக்குப் போன் போட்டேன். சம்பளப் பிரிவில் இருக்கிற பையன், யாருக்கு எந்தப் படிவத்தில் சந்தேகம் வந்தாலும் அவன்தான். "எண்பது டிடிபி செக்சன்தானக்கா, ஈசி. டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்குல்ல? பில்லு இருக்குல்ல? ஏத்திவிடுங்க." உறவு என்று கேட்கிறதே அசார், மாமியாருக்கு எதைப் போட? "அட, மாமியாரா?" என்று இழுத்தான். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவன் என்ன சைகை காட்டினானோ. "மாமியார் லிஸ்ட்லயே கிடையாதுக்கா. சட்டத்துலயே இல்ல. அண்ணனைக் காட்டச் சொல்லுங்க, அவங்க பெத்த தாயில்ல." அவருக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் ஏது, வாடகை லோடு வண்டி ஓட்டுகிறார். அசார் குரலை இறக்கி, "அப்ப அம்மான்னு போட்டுருங்கக்கா. மாமியாரும் அம்மா மாதிரிதான?" என்றான். மாதிரிக்கெல்லாம் தள்ளுபடி உண்டாடா என்றேன். "யாருக்கா வந்து பாக்கப் போறா? போன வருஷம் நம்ம ஆள் ஒருத்தர் செத்துப்போன வீட்டு ஓனரையே கையெழுத்துப் போட வச்சு வாடகை ரசீது குடுத்தாரு. ஓனரு செத்தது எனக்குத் தெரியும், நானே மாலை வாங்கிட்டுப் போனேன். நான் வாயத் திறந்தனா?" சிரித்தேன். அவனோடு பேசினால் சிரிப்பு வந்துவிடும். போனை வைத்தபிறகுதான் உள்ளே போய்க் குத்தியது. பெற்ற பிள்ளைக்கு வரி இல்லை. வரி கட்டுகிறவளுக்கு இவள் தாய் இல்லை. நடுவில் கிடக்கிறாள் அத்தை, யார் பேரிலும் ஏறாத ரசீதாக.

கூட்டிப் பார்த்தாயிற்று, நாலு தடவை. செப்டம்பரில், நோய் தெரிந்த அடுத்த மாதம், வைத்தியச் செலவு உத்தேசமாக ஒரு லட்சம் என்று போட்டுவைத்தேன், அப்போது உறவு கேட்கவில்லை, அந்தத் தைரியத்தில் மாதாமாதம் வரி குறைத்தே பிடித்தார்கள். இப்போது ஆதாரம் காட்டாவிட்டால் இருபதாயிரத்து எண்ணூறு இந்த மாதச் சம்பளத்திலேயே மொத்தமாகப் போய்விடும். ஜெசிந்தாவுக்கு ஏஜென்சிக்குக் கட்டுவது இருபத்தி இரண்டாயிரம். முதல் தேதியே கட்ட வேண்டும், இரண்டாம் தேதி என்றால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக் கடன் தவணை போக, மாத்திரை போக, மளிகை போக, கையில் நிற்பது அவளுடைய சம்பளம்தான். ஆக ஏழு உறவில் ஒன்றைத் தொட்டால் ஜெசிந்தா இன்னும் ஒரு மாதம். தொடாவிட்டால் இன்னும் பதினோரு நாள். இவ்வளவு எளிய விஷயம். டாக்டரம்மா, அந்த வலி நிவாரணப் பிரிவில் இருக்கிற குள்ளமான டாக்டரம்மா, போன வாரம் சான்றிதழை எழுதிக்கொண்டே, "ஒரு மாசம் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம், வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க, வலி தெரியாம வச்சுக்கிறதுதான் இனிமே வைத்தியம்" என்றார். நோயாளி பெயர் ராக்கம்மாள், வயது அறுபத்தேழு, கர்ப்பப்பை வாய்ப் புற்று, நாலாம் கட்டம். டாக்டரம்மா எழுதும்போது உறவு கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார், மருந்தைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. ஜெசிந்தா இல்லாவிட்டால் என்ன, நான் பார்க்கமாட்டேனா என்று கேட்கலாம். கேட்டுவிட்டேன், என்னையே. மாத்திரை கொடுப்பேன், கஞ்சி கொடுப்பேன். ஆபீசில் வீட்டிலிருந்து வேலை கேட்டால் கொடுப்பார்கள், சம்பளத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள். ஆனால் அத்தை என்னைத் தொட விடமாட்டாள். அத்தை படுக்கையாக இங்கே வந்த முதல் வாரம், ஜெசிந்தா வருவதற்கு முன்னால், ஒரு காலையில் துணி மாற்ற நான் போர்வையை விலக்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது! "உன் கை படவேண்டாம்" என்றாள். உன் கை. மகனையும் விடமாட்டாள், அது சரி, ஆம்பளைப் பிள்ளை. என்னை ஏன்? ஊர் பேர் தெரியாத ஜெசிந்தாவின் கைக்கு முழங்காலை மடக்கிக் கொடுக்கிறாள், அவளோடு சண்டைகூடப் போடுகிறாள், "உனக்கு நோவு தெரியுமாடி, பஞ்சை வச்சுத் தேய்க்கிறயா, பாத்திரம் வெளக்குறயா?" என்று. ஜெசிந்தா, "பாத்திரமா இருந்தா இந்நேரம் பளபளன்னு ஆகியிருக்கும் பாட்டி" என்பாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டு நான் சமையலறையிலேயே நிற்பேன். கதவு ஒருக்களித்திருக்கும். அதற்குமேல் திறக்க எனக்கு உரிமை இல்லை என்று எப்படியோ இரண்டு பேருக்கும் தெரியும், அத்தைக்கும் எனக்கும்.

மூன்று மணி. திரை இருட்டிப் போகிறது, விரலால் தொட்டு எழுப்புகிறேன். அத்தையை மனசுக்குள் அவள் என்றும் வாயில் நீங்கள் என்றும் நாலு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூட மாறி வந்ததில்லை, அவ்வளவு பழக்கம். சட்டத்துக்கு என் அம்மாதான் வேண்டும். தவமணி. அவளுக்கு நான் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்ததில்லை. அவள் பேரில் என்னிடம் ஒரு ரசீது கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், எழுந்திருக்கவில்லையாம், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். எல்லாமே 'ஆம்', எதையும் நான் பார்க்கவில்லை. அது பரமக்குடியில். இங்கே மதுரையில் அன்றைக்கு எங்களுக்குப் பால் காய்ச்சு, இந்த வீட்டுக்கு, இதோ இந்தச் சமையலறையில். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அம்மா முந்தினநாளே வந்திருக்க வேண்டியவள், கால் வீக்கம், காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். எட்டரைக்கு, ஏன் இன்னும் காணோம் என்றேன். "வந்துருவாக, பஸ்ஸு கிடைக்கணும்ல" என்றாள் அத்தை. பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது, எல்லாரும் நல்லது நல்லது என்றார்கள். நான் எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், அம்மாவுக்கு ஒரு டம்ளர் எடுத்து மூடிவைத்தேன். பந்தி நடந்தது. மூன்று மணிக்கு, இலை எடுத்தபிறகு, அத்தை என்னை மாடிப்படிக்கு அடியில் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு உடம்புக்குச் சரியில்லையாம், கிளம்பு" என்றாள். சரியில்லையாம் என்று சொன்ன அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. கார் பிடித்துப் போய் இறங்கும்போது ஐந்தேகால். வாசலில் பெஞ்சு கவிழ்த்துப் போட்டிருந்தது. வீடு கழுவி விட்டிருந்தார்கள். தரை ஈரம். சித்திரை வெயில், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று நாலரைக்கு எடுத்துவிட்டார்கள். பட்டுச்சேலையோடு அந்த ஈரத்தில் நின்றேன். என் தாய்மாமா, போன வருஷம் அவரும் போய்விட்டார், தலையில் அடித்துக்கொண்டு, "காலையிலயே உங்க மாமியாகிட்டச் சொன்னேனே தாயி" என்றார். அந்த ஒரு வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடம் கேட்டதில்லை. கேட்காமலே அதே வீட்டுக்குத் திரும்பி வந்து, அதே அடுப்பில் அடுத்த நாளும் பால் காய்ச்சினேன். மூடிவைத்த டம்ளர் அலமாரி மேலேயே இருந்தது, திரிந்துபோய்.

தாத்தா ஒரு கதை சொல்வார், அம்மாவைப் பெற்ற தாத்தா. இழவு சேதி கொண்டு போகிறவன் ஒருத்தன் இருந்தானாம். காத தூரம் நடந்து ஒரு ஊருக்குப் போகிறான், அங்கே பார்த்தால் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது. காப்புக் கட்டிய ஊருக்குள்ளே சாவு சேதி நுழையக்கூடாது. எல்லையில் ஒரு புளியமரம், அதன் அடியில் உட்கார்ந்துகொண்டான். முதல் நாள் ஊர்க்காரர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தால் சேதியும் வயிற்றுக்குள் இறங்கிவிடுமே, வேண்டாம் என்றான். இரண்டாம் நாள் பேச்சுக் கொடுத்தார்கள். வாயைத் திறந்தால் சேதி முதலில் வந்துவிடுமே, பேசமாட்டேன் என்று தலையை ஆட்டினான். எந்த வீட்டுக்குச் சேதியோ அந்த வீட்டுப் பெண்ணே முளைப்பாரி தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவன் எதிரிலேயே போனாளாம், அவனைப் பார்த்து, "யாரண்ணே நீங்க, எந்தூரு?" என்று கேட்டாளாம். எட்டாம் நாள் காப்பு அவிழ்த்து ஊர் திரண்டு போய்ப் பார்த்தால் மரத்தடியில் ஒரு கல்தான் இருந்ததாம், வாய் மட்டும் மூடின கல். கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு யார் செத்தது தாத்தா என்று கேட்டால், "அது கல்லுக்குத்தான் தெரியும்" என்று வெற்றிலையைத் துப்பப் போய்விடுவார். சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்காக அழுவேன். இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது. கல்லான ஆளுக்கு ஊரெல்லாம் இரக்கப்படுகிறது, அவனுக்குக் கதை இருக்கிறது, பொங்கல் வைக்கிறார்கள். முளைப்பாரி தூக்கினவள் என்ன ஆனாள்? யாரும் சொல்லவில்லை. அவள் வீடு திரும்பிச் சோறு ஆக்கியிருப்பாள்.

சரி. போடு. போட்டுவிட்டு மூடு. செத்தவளுக்கு இதனால் ஒன்றும் போகாது, இருக்கிறவளுக்கு ஒரு மாதம் வலியில்லாமல் போகும். தாய் என்பதைத் தொடுகிறேன். பெயர்: ராக்கம்மாள் என்று அடிக்கிறேன். வயது. நோயின் பெயர். சான்றிதழ் ஏறுகிறது, ஜெசிந்தாவின் ஏஜென்சி ரசீதுகள் ஏறுகின்றன, ஒவ்வொன்றும் பச்சை நிறமாகிறது. கீழே பெட்டி, மேற்கண்டவை உண்மை என உறுதி அளிக்கிறேன், அதிலும் ஒரு சரிக்குறி. அடுத்து. உடனே சிவப்பில் ஒரு கட்டம் எழும்புகிறது, ஆங்கிலத்தில். தாய் என்ற உறவு தங்கள் பதிவில் ஏற்கெனவே உள்ளது: தவமணி, காலமானார். பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கலாமா? ஆம், இல்லை. கை நின்றுபோகிறது. வேலையில் சேர்ந்தபோது நான்தான் அடித்திருக்கிறேன், தாய் பெயர் தவமணி என்று. இறந்தபிறகு விடுப்புக் கேட்க வேண்டும் என்பதற்காகக் காலமானார் என்றும் நானே மாற்றியிருக்கிறேன். ஒருத்தருக்கு ஒரு தாய்தான், இயந்திரம் அதில் கறாராக இருக்கிறது. ஆம் என்று அழுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் ஒரு பெயர் அழிந்து இன்னொன்று உட்காரும். ஆனால் அந்த வீடு கழுவின ஈரம் இப்போது என் உள்ளங்காலில் ஏறுகிறது. நான் போவதற்குள் ஒரு தடவை எடுத்துவிட்டார்கள். இப்போது நானே, என் விரலால், இவளுக்காக. பெயர் அழித்த இடத்தில் இவள். விரல் ஆம் மேலே நிற்கிறது, இல்லை மேலே போகிறது, திரும்ப வருகிறது. வலியோடு ஒருத்தி கத்தும்போது சட்டமும் பெயரும் என்ன பெரிய விஷயம் என்று ஒரு குரல். அவள் கத்தட்டுமே என்று இன்னொரு குரல், அதுவும் என்னுடையதுதான். அதைக் கேட்டு நானே திடுக்கிட்டுக் கட்டிலைப் பார்க்கிறேன். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னத்த அதையே வெறிச்சுப் பாக்குற?"

"எப்ப முழிச்சீங்க?"

"முழிச்சு எவ்வளவோ நேரமாச்சு. நீ பல்லக் கடிக்கிறது இங்கிட்டு வரைக்கும் கேக்குது."

வாடை மாறியிருக்கிறது. துணி நனைந்திருக்க வேண்டும், நனைந்து கொஞ்ச நேரமும் ஆகியிருக்க வேண்டும். "மாத்தணுமா அத்தை?" என்றேன். "ஜெசிந்தா வரட்டும்." அஞ்சாகும் என்றேன். "ஆகட்டும். நான் என்ன ரயிலுக்கா போகணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியவள் மறுபடியும் திரும்பினாள். "லீவு நாளில என்ன ஆபீசு வேலை?" வரி என்றேன். "அதான் வருசாவருசம் கட்டுறயே." எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை, சொல்ல ஆரம்பித்தேன். உங்க வைத்தியச் செலவைக் காட்டினா வரியில கொஞ்சம் விடுவாங்க. ஜெசிந்தா சம்பளம் ஒரு மாசத்துக்கு அதுல வந்துரும். ஆனா மாமியாருக்குன்னு காட்ட முடியாது, மகனோ மகளோதான் காட்டணும். "எம் மகன் சோலை காட்டட்டும்." அவருக்கு வரியே கிடையாதே அத்தை. அத்தை சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, வலி அடங்கும்வரை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கும் குடுத்துவைக்கல என் மகன்" என்றாள். பிறகு சாதாரணமாக, பால்காரனிடம் ஒரு பாக்கெட் கூடப் போடச் சொல்வதுபோல, "அப்ப அம்மான்னு எழுத வேண்டியதுதான?" என்றாள்.

"எழுதலாம். அந்த இடத்துல எங்கம்மா பேரு இருக்கு. அதை எடுத்துட்டுத்தான் உங்க பேரைப் போடணும்."

மின்விசிறி செருமியது. தெருவில் இளநீர் வண்டிக்காரன் கூவிக்கொண்டே போய், முனையில் திரும்பி, குரல் தேய்ந்து, இல்லாமல் ஆனது. நாலு வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அன்னைக்கு எங்க மாமா போன் பண்ணினது எத்தனை மணிக்கு அத்தை?"

எந்தப் போன் என்று அவள் கேட்டிருக்கலாம். மாத்திரை மயக்கத்தில் ஞாபகமில்லை என்றிருக்கலாம், நான் நம்பியும் இருப்பேன்.

"ஏழரை" என்றாள். "நீ சேலை கட்டிக்கிட்டு இருந்த. மடிப்புக்குப் பின்னு குத்த ஆளில்லைன்னு என்னையக் கூப்பிட்ட. போனக் கையில வச்சுக்கிட்டேதான் வந்து குத்திவிட்டேன்."

அது எனக்கு நினைவே இல்லை. இல்லை, இருக்கிறது. தோளில் ஒரு கை. பின்னைத் திறக்கத் தடுமாறின விரல். சீக்கிரம் அத்தை என்று நான் சொன்னது. ஊசி லேசாகத் தோலில் பட்டு, ஸ்ஸ் என்றேன்.

"ஏன் அத்தை?"

"பால் பொங்கட்டும்னுதான். கடன உடன வாங்கிக் கட்டுன வீடு. இழவு விழுந்த நாள்ல அடுப்புப் பத்த வைக்கக்கூடாதுன்னு. பொங்கினதும் சொல்லிருவோம்னு இருந்தேன். பொங்குச்சு. சரி, நாலு பேரு சாப்பிட்டுப் போகட்டும்னு இருந்தேன். அதுக்கப்புறம் சொல்லத்தான் வந்தேன், வாய் வரல. நீ ஒரு டம்ளர எடுத்து மூடி வச்ச. அதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்." மூச்சு வாங்கினாள். "அவ்வளவுதான். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் தேடவில்லை. எனக்காவது அது வேண்டியிருந்ததா என்று பார்க்கிறேன், வேண்டியிருக்கவில்லை. வேறு என்னமோ வேண்டியிருந்தது. அவள் மறுத்திருந்தால், ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தக் கோபத்திலேயே ஆம் என்று அழுத்தியிருப்பேன், உன் பொய்க்கு என் பொய் என்று. இப்போது அழுத்துவதற்கு அந்த வேகம் இல்லை. "அவ பேர எடுக்காத" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு. எடுக்காவிட்டால் ஜெசிந்தா இருக்கமாட்டாள், மாசக் கடைசியோடு நிறுத்தியாக வேண்டும் என்றேன். "எனக்குக் கணக்குத் தெரியாதா?" அப்புறம் உங்களை யார், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவள் கழுத்து நரம்பு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை.

நாலு பத்து. இல்லை என்பதை அழுத்துகிறேன். கட்டம் மறைகிறது. ஏற்றிய ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன், சான்றிதழை எடுக்கிறேன், தொகை என்ற இடத்தில் ஒரு லட்சத்தை அழித்துச் சுழியம் போடுகிறேன். இந்தப் பிரிவில் தாங்கள் எதுவும் கோரவில்லை, நிச்சயமா? நிச்சயம். அனுப்பு. போய்விட்டது. இருபதாயிரத்து எண்ணூறு. உள்ளே ஏதோ லேசாகும் என்று இருந்தேன், ஆகவில்லை. பயம்தான் வந்தது: பன்னிரண்டாம் நாள் காலையில் என்ன செய்வேன், எப்படித் தூக்குவேன், ஆபீசில் என்ன சொல்வேன், வலி வந்து இவள் கத்தினால் மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, குறிப்பு நோட்டில் இருக்கிறது, பார்க்க வேண்டும். எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை, கால் போனது. சுட்டதும் பக்கெட்டில் ஊற்றி விளாவி, முழங்கையால் தொட்டுப் பார்த்து, பஞ்சு, பழைய வேட்டித்துணி, ஜெசிந்தாவின் கையுறை டப்பா, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். அத்தை பார்த்தாள். மணிக்கட்டைப் பிடிக்கக் கை வரும் என்று காத்திருந்தேன். கை போர்வைக்குள் கொஞ்சம் அசைந்தது, நின்றது. "சுடுதா பாரு" என்றாள். பார்த்துட்டேன் அத்தை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், சின்னப் பிள்ளைகள் ஊசி போடும்போது மூடுவதுபோல, பிறகு அவளாகவே முழங்காலை மடக்கினாள்.

எடை இல்லை. எவ்வளவு பெரிய பொம்பளை, கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்றால் வாசலே அடைத்துப்போகும், ஆட்டுரலை ஒற்றையாளாய் நகர்த்துவாள். இப்போது இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்தால் எலும்பு மட்டும் வருகிறது. "இழுக்காத. கையக் குடுத்துத் தூக்கு." சரி அத்தை. "அந்தப் பக்கம் புண்ணு இருக்கு." தெரியும் அத்தை. தெரியாது, இப்போதுதான் பார்க்கிறேன், ஐந்து மாதமாக இந்த வீட்டில் இருக்கிற புண்ணை. முகத்தைச் சுளிக்கக்கூடாது என்று நினைக்கிறேன், அவள் கண்ணை மூடித்தானே இருக்கிறாள் என்று சுளிக்கிறேன், சுளித்ததற்கு வெட்கப்படுகிறேன். பஞ்சு, தண்ணீர், துணி. நான் மன்னித்துவிடவில்லை. இதை எனக்கு நானே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன், பஞ்சைப் பிழியும்போது ஒரு தடவை, துணியை மடிக்கும்போது ஒரு தடவை. அந்த ஏழரை மணி ஏழரை மணியாகவே இருக்கிறது. ஆனால் கை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கைக்கு அடுத்த வேலை இருக்கிறது. ஒரு இடத்தில் அத்தை, "அம்மா" என்று முனகினாள், யாரும் வலியில் முனகுகிற அம்மாதான். நான் நிறுத்தினேன். "நிப்பாட்டாத, முடி" என்றாள். முடித்தேன். விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டி, அவளை உருட்டி, மறுபக்கம் இழுத்து, எப்படியோ. என் ரவிக்கை முழுக்க வேர்வை. அவள் கண்ணோரம் ஈரம், வலியா, வேறா, துடைக்கலாமா என்று தெரியவில்லை. துடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா வந்தாள். தோளில் பையோடு கதவருகில் நின்று கட்டிலைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாருக்கா மாத்தினது? நீங்களா? ஒத்தையிலயா பொரட்டுனீங்க? இடுப்புப் போயிரும்க்கா!" அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன், மாசக் கடைசியோடு, என்று. நான் பயந்தமாதிரி அவள் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை வீடு பார்த்தவள். "பத்து நாள் முன்னாடி ஏஜென்சில சொல்லணும்க்கா. இன்னைக்கே போன் பண்ணிருங்க, இல்லாட்டி அடுத்த மாசத்துக்கும் கேப்பாங்க" என்றாள். கையைக் கழுவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "பதினோரு நாள் இருக்குல்ல. பத்தும்." அறைக்கு வந்து விரிப்பை விரலால் தடவிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். "இங்க மடிப்பு விழுந்திருக்கு. இப்படி விட்டா ரெண்டே நாள்ல இன்னொரு புண்ணு வந்துரும். மறுபடி எடுத்துப் போடணும். நான் தொடமாட்டேன், நீங்க செய்ங்க, நான் சொல்றேன்."

"மறுபடியுமா? இப்பத்தான் ஒரு பாடு படுத்தி எடுத்தா" என்றாள் அத்தை.

"பாட்டி, நீங்க சும்மா இருங்க. அவங்க பழகணும்ல."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்து ஒரு மூச்சு விட்டாள். "சரி, பழகட்டும்" என்று சொல்லி, கட்டில் விளிம்பைப் பிடித்துத் தானாகவே சுவர்ப்பக்கம் திரும்ப ஆரம்பித்தாள், பாதியில் முடியாமல் நின்றாள். ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு, "முதல்ல தோள், அப்புறம் இடுப்பு" என்றாள். நான் தோளில் கையை வைத்தேன்.